செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த பாட்டி

உயர்நிலை மூன்றில் படிக்கும் என் தம்பிக்குப் பள்ளியில் கொடுத்த கட்டுரைத் தலைப்பு, ‘என் மனம் கவர்ந்த முதியவர்’. மறுநாள் காலை ஒப்படைக்க வேண்டும். ஞாயிறு இரவு பத்து மணிக்குத்தான் அவனுக்கு அது நினைவுக்கு வந்தது. கைப்பேசியை எடுத்துத் தலைப்பைத் தட்டினான். நான் ஒரு குவளை மைலோ கலக்கி முடிப்பதற்குள் ஏறக்குறைய 300 சொற்களில் கட்டுரை வந்துவிட்டது.

பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அதிகாலையில் எழுந்து முற்றத்தில் கோலமிடும் பாட்டி. கிணற்றில் நீர் இறைக்கும் பாட்டி. வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து பேரப்பிள்ளைகளுக்கு நீதிக்கதை சொல்லும் பாட்டி. கடைசிப் பத்தியில் பாட்டியின் சுருக்கம் விழுந்த கைகளைப் பற்றி இரண்டு வரி. எழுத்துப் பிழை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

எங்கள் பாட்டி கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பெருமையாக உரக்கப் படித்துக் காட்டினான். அவர் ஒலியைக் குறைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

“யாருடா இந்தப் பாட்டி? நான் எப்போ கிணத்துல தண்ணி எறச்சேன்? எங்களுக்கு ரோட்டோரப் பைப்புதான்.”

எங்கள் வீடு ஈசூனில் பதினோராவது மாடியில் இருக்கிறது. முற்றம் என்று சொல்வதானால் மின்தூக்கிக்கு முன்னால் உள்ள இடத்தைத்தான் சொல்ல வேண்டும். பாட்டி சிங்கப்பூரில் பிறந்தவர். செம்பவாங்கில், பழைய கடற்படைத் தளத்துக்கு அருகே வளர்ந்தவர். தம்பியின் கைப்பேசிக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. அவன் சொல்லவும் இல்லை.

அன்று நாங்கள் மூவரும் சிரித்துவிட்டுப் படுக்கப் போனோம். கட்டுரை மறுநாள் ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. அது திரும்பி வந்த கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன், அந்த இரவுக்குப் பிறகு நான் தேடிப் படித்த சிலவற்றைப் பகிர வேண்டும். நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தம்பி செய்ததைத்தான் நானும் வேறு வடிவில் செய்துகொண்டிருந்தேன் என்பதும் ஒரு காரணம்.

துருக்கியில் ஆயிரம் மாணவர்கள்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் தேதி வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டே, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துருக்கியின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். பாடம் கணிதம். மாணவர்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். முதல் பிரிவுக்குப் பாடநூலும் குறிப்பேடும் மட்டுமே. இரண்டாம் பிரிவு, கேட்டால் கேட்டதைத் தரும் சாதாரண உரையாடல் செயலியைப் பயன்படுத்தலாம். மூன்றாம் பிரிவுக்குக் கிடைத்ததும் அதே தொழில்நுட்பம்தான். ஆனால் ஆசிரியர்கள் அதற்குக் கடிவாளம் போட்டிருந்தார்கள். அது விடையைச் சொல்லாது. அடுத்த அடியை எடுத்துவைக்கக் குறிப்பு மட்டும் தரும்.

பயிற்சிக் கணக்குகளில் இரண்டாம் பிரிவினர் பாடநூல் பிரிவினரைவிட 48 விழுக்காடு கூடுதலாகப் பெற்றனர். மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடு கூடுதலாகப் பெற்றனர். இதோடு நிறுத்தியிருந்தால் செயற்கை நுண்ணறிவுக்கு நல்ல விளம்பரமாக இருந்திருக்கும்.

பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். கேட்டதையெல்லாம் பெற்ற இரண்டாம் பிரிவினர், எந்தச் செயலியையும் தொடாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவினருக்கு அந்தச் சரிவு ஏறக்குறைய இல்லை. ஆனால் பயிற்சியில் கண்ட பெரிய முன்னேற்றமும் தேர்வில் இல்லை. பாடநூல் பிரிவினர் அளவிலேயே இருந்தார்கள்.

இந்த ஆய்வு 2025ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. என்னை உறுத்திய செய்தி அதன் உள்ளே இருந்தது. மதிப்பெண் குறைந்த இரண்டாம் பிரிவு மாணவர்கள், தாங்கள் குறைவாகக் கற்றதாக உணரவே இல்லை. மற்றவர்களைப்போல் தாங்களும் படித்திருக்கிறோம் என்றே நினைத்தார்கள்.

எனக்கு அந்த உணர்வு நன்றாகத் தெரியும். சென்ற பருவத்தில் ஒரு பாடத்துக்கு வாரம் 40 பக்கம் வாசிப்பு இருந்தது. நான் கோப்பைச் செயலியில் ஏற்றி, பத்து வரிச் சுருக்கம் வாங்கிப் படித்துவிட்டு வகுப்புக்குப் போவேன். ஒருநாள் விரிவுரையாளர், “இந்தக் கட்டுரையில் உங்களுக்கு எங்கே உடன்பாடு இல்லை?” என்று கேட்டார். உடன்படாமல் இருப்பதற்கு முதலில் வாதத்தை அறிந்திருக்க வேண்டும். என்னிடம் முடிவு மட்டும் இருந்தது. அந்த முடிவுக்கு ஆசிரியர் வந்த வழி இல்லை. பக்கத்தில் இருந்த தோழி, தான் பாதிதான் படித்ததாகச் சொல்லிவிட்டு, அந்தப் பாதியை வைத்துக்கொண்டே நான்கு நிமிடம் பேசினாள்.

நம் பள்ளிகளில்

துருக்கி ஆய்வின் மூன்றாம் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவு நுழைந்த விதம் அதற்கு நெருக்கமானது. 2018 முதல் எல்லாப் பள்ளிகளிலும் பயன்பாட்டில் உள்ள ‘மாணவர் கற்றல் தளம்’ நமக்கெல்லாம் பழக்கமானதுதான். அதில் 2023ல் தொடக்கப் பள்ளிக் கணிதத்துக்கு, மாணவரின் விடைகளைப் பார்த்து அடுத்த பயிற்சியை மாற்றியமைக்கும் வசதி சேர்ந்தது. பின்னர், குறுவிடைகளைப் பார்த்துக் கருத்துச் சொல்லும் கருவியும், ஆங்கிலக் கட்டுரைகளின் இலக்கணத்தைச் சுட்டும் கருவியும் வந்தன. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. மாணவர் முதலில் எதையாவது எழுத வேண்டும். வெறும் பக்கத்துக்கு அவை கருத்துச் சொல்வதில்லை.

கல்வி அமைச்சு தன் அணுகுமுறையை நான்கு தொடர்களில் சொல்கிறது: செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கற்பது, அதைப் பயன்படுத்தக் கற்பது, அதனோடு சேர்ந்து கற்பது, அதைத் தாண்டிக் கற்பது. நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. அதை எப்படிச் செய்வது என்பதுதான் கடினம். ஏனென்றால் பள்ளித் தளத்தில் கடிவாளம் இருக்கிறது. நம் கைப்பேசியில் இல்லை. ஞாயிறு இரவு பத்து மணிக்கு ஆசிரியரும் பக்கத்தில் இல்லை.

இவற்றால் கிடைக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. 1984ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூம் ஒரு கட்டுரையில், தனியாக ஆசிரியர் வைத்துப் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் படிக்கும் 98 விழுக்காட்டினரைவிட நன்றாகச் செய்ததாக எழுதினார். பிற்கால ஆய்வுகள் அவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணவில்லை. ஆனாலும் தனிக் கவனம் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. துணைப்பாட வகுப்புக்கு மாதம் சில நூறு வெள்ளி கொடுக்கும் குடும்பங்களுக்கு அது தெரியும்; கொடுக்க முடியாத குடும்பங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நள்ளிரவிலும் சலிக்காமல், “இன்னொரு முறை விளக்கவா?” என்று கேட்கும் ஒன்று கைப்பேசியில் இருப்பது சிறிய செய்தி அன்று. என் வேதியியலை அதுதான் காப்பாற்றியது.

தமிழ் என்றால் கதை வேறு

வேதியியலுக்குக் கைகொடுத்தது தமிழுக்கும் அதே அளவு கைகொடுக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காரணம், அதன் தமிழ் தயங்காமல் ஓடுகிறது. நம்மில் பலருக்குத் தமிழ் எழுதும்போது தயக்கம் உண்டு. தயங்காமல் எழுதுவது எதுவாக இருந்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துப் பழகியவை. அவற்றுக்குத் தீனியாகும் இணையத் தொகுப்புகளில் பெரியது ‘காமன் கிரால்’. அதில் 40 விழுக்காட்டுக்கும் மேல் ஆங்கிலம். தமிழ் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையும் தமிழுக்குச் செலவு வைக்கிறது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். ‘கொ’ என்ற நம் ஓரெழுத்தைச் சேமிக்க ஆறு பைட் வேண்டும்; ககரத்துக்கு மூன்று, அதன் ஒகரக் குறிக்கு மூன்று. செயலி சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கிறது. தமிழ்ச் சொல் பெரும்பாலும் கூடுதல் துண்டுகளாகச் சிதறுகிறது.

அந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த தமிழிலும் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்து வருவது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் வாழ்க்கை அதில் இல்லை. தம்பியின் செயலியிடம் நான் ஒரு சோதனை வைத்தேன். சந்தைக்குப் போய்வந்ததைப் பற்றி ஒரு பத்தி கேட்டேன். ரூபாயில் பேரம் நடந்தது. ஆட்டோவில் வீடு திரும்பினார்கள். ‘சிங்கப்பூர்’ என்று சேர்த்துக் கேட்டபோது மரினா பே சாண்ட்ஸ் வந்தது. உணவங்காடி நிலையம் வரவில்லை. இருக்கைக்கு மெல்லிழைத்தாள் பொட்டலம் வைத்து இடம் பிடிப்பது வரவில்லை. பெருவிரைவு ரயிலில் தூங்கிப்போய் இரண்டு நிலையம் தாண்டி விழிப்பது வரவில்லை. மின்தூக்கி, விழுக்காடு, வெள்ளி என்று நாம் இயல்பாகப் புழங்கும் சொற்களும் அதன் வாயில் எளிதில் வருவதில்லை.

ஏஐ சிங்கப்பூர் அமைப்பு 2023 இறுதியில் வெளியிட்ட ‘சீ-லயன்’ மொழி மாதிரி இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சிகளில் ஒன்று. தென்கிழக்காசிய மொழிகளுக்காக உருவாக்கப்பட்ட அதில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் எந்த மாதிரியும் எழுதப்பட்டிருப்பதைத்தான் கற்க முடியும். நாம் நம் வட்டாரத்தைப் பற்றித் தமிழில் எழுதாவிட்டால் அது எங்கே போய்ப் படிக்கும்? கட்டுரையைச் செயலியிடம் எழுதி வாங்கி, அதையே நாம் இணையத்தில் போட்டால், அடுத்த மாதிரி அதையும் படிக்கும். கிணற்றுப் பாட்டி இன்னும் பலமாக நிலைத்துவிடுவார்.

இன்னொன்று, திருக்குறள். கட்டுரையில் குறள் ஒன்றைச் சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று செயலியிடம் கேட்பவர்கள் கவனிக்க வேண்டும். கேட்ட பொருளுக்கு ஏற்ப, அது இல்லாத குறளைப் படைத்து, எண்ணும் கொடுத்து, உரையும் எழுதிவிடும். முதல் சோதனை எளிது. குறளுக்கு ஏழு சீர். முதல் அடியில் நான்கு, இரண்டாம் அடியில் மூன்று. விரல்விட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலும் அச்சுப் புத்தகத்தைத் திறந்து அதே எண்ணில் அதே குறள் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தம் 1,330தான், தேட அதிக நேரம் ஆகாது.

பிடித்துக்கொடுக்கும் கருவிகள்

கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு இன்னொரு கவலை உண்டு. நாமே எழுதியதை, ‘இது நீ எழுதியதில்லை’ என்று சொல்லிவிட்டால்?

கண்டறியும் மென்பொருள்களை நம்பித் தீர்ப்பு எழுத முடியாது என்பது வெளிப்படை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, 2023 ஜனவரியில் வெளியிட்ட தன் கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மீட்டுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் ‘டோஃபல்’ தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளை அவற்றிடம் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை இயந்திரம் எழுதியதாக அவை முத்திரை குத்தின. எளிய சொற்களும் நேரான வாக்கியங்களும் அக்கருவிகளின் கண்ணுக்கு இயந்திரத்தனமாகத் தெரிகின்றன.

இங்கும் 2025 நடுப்பகுதியில், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகச் சொல்லி அவர்களது கட்டுரைக்குச் சுழியம் வழங்கப்பட்டதும், அதை அவர்கள் எதிர்த்ததும் பரவலாகப் பேசப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கு தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த அன்றே நான் ஒரு பழக்கத்தைத் தொடங்கினேன். முதல் வரைவிலிருந்து எல்லாவற்றையும் தேதியுடன் வைத்திருக்கிறேன். கையால் கிறுக்கிய குறிப்புகளைப் படமெடுத்து வைக்கிறேன். எந்தச் செயலியிடம் என்ன கேட்டேன் என்பதையும் ஒரு கோப்பில் ஒட்டிவைக்கிறேன். ஆதாரத்துக்காகத்தான் தொடங்கினேன். பழைய வரைவுகளைத் திருப்பிப் பார்க்கும்போது, என் வாதம் எந்த இடத்தில் திரும்பியது என்று தெரிகிறது. அதற்காகவே இப்போது தொடர்கிறேன்.

கட்டுரை திரும்பி வந்தது

புதன்கிழமை தம்பி வாடிய முகத்தோடு வந்தான். ஆசிரியர் திட்டவில்லையாம். எந்த மென்பொருளிலும் போட்டுப் பார்க்கவில்லையாம். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, “உன் பாட்டி எங்கே இருக்கிறார்?” என்று கேட்டிருக்கிறார். ஈசூன் என்றிருக்கிறான். “இந்த வேப்பமரம் எந்த புளோக்குக்குப் பக்கத்தில்?” என்று கேட்டிருக்கிறார். வகுப்பே சிரித்திருக்கிறது. மதிப்பெண் போடாமல், வெள்ளிக்கிழமைக்குள் வேறு கட்டுரை கொண்டுவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஆசிரியர் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்: “வாய்மொழித் தேர்வில் நீ மட்டும்தான் உள்ளே போவாய்.” தம்பி அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தது. தேர்வாளர் எதிரே உட்கார்ந்து, காணொளியைப் பார்த்துவிட்டுத் தன் கருத்தைப் பேச வேண்டிய அந்தச் சில நிமிடங்களை நினைத்தாலே அவனுக்கு வயிற்றைக் கலக்கும். கட்டுரை எழுதும்போது சொல்லுக்காகத் தடுமாறித் தேடுவதுதான் அதற்குப் பயிற்சி. அந்தத் தடுமாற்றத்தைத்தான் அவன் ஞாயிறு இரவு கைப்பேசியிடம் ஒப்படைத்திருந்தான்.

அன்று மாலை பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கைப்பேசி இந்த முறை ஒலிப்பதிவுக்கு மட்டும். “பாட்டி, நீங்க சின்ன வயசுல என்ன வேலை செஞ்சீங்க?”

பாட்டி ஆலையில் வேலை பார்த்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். என்ன ஆலை என்று இருவருமே ஒருநாளும் கேட்டதில்லை. 1960களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் சிங்கப்பூரில் கணினிச் சில்லு ஆலைகளைத் திறக்கத் தொடங்கின. நுண்ணோக்கிக்குள் பார்த்தபடி, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலைக்கு இளம்பெண்களைச் சேர்த்தார்கள். 1973ல், 19 வயதில், பாட்டியும் அதில் ஒருவர். நாள் முழுதும் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு வெளியே வந்தால் பேருந்தின் எண் மங்கலாகத் தெரியுமாம். தவறான பேருந்தில் ஏறி ஒருமுறை ஜூரோங் வரை போய்விட்டாராம். முதல் மாதச் சம்பளத்தில் தம் தங்கைக்குக் காலணி வாங்கியிருக்கிறார். அளவு பெரிது, இருந்தாலும் அந்தத் தங்கை பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு திரிந்தாராம்.

தம்பி எழுதினான். இரண்டு இரவுகள் எடுத்தன. ‘நுண்ணோக்கி’ என்ற சொல்லை என்னிடம் கேட்டான். ‘மங்கலாக’ என்பதை அகராதியில் பார்த்தான். எழுதி முடித்த பிறகுதான் செயலியைத் திறந்தான். அதற்கு அவன் கொடுத்த கட்டளையை நானே சொல்லிக்கொடுத்தேன்: “என் கட்டுரையைத் திருத்தாதே. சந்திப் பிழை இருக்கும் வரிகளை மட்டும் சுட்டிக்காட்டு. காரணம் சொல்.”

‘அந்த பாட்டி’ என்பது ‘அந்தப் பாட்டி’ ஆக வேண்டும் என்றது, சரி. ‘பார்த்த பேருந்து’ என்பதையும் ‘பார்த்தப் பேருந்து’ ஆக்கச் சொன்னது, தவறு. பெயரெச்சத்துக்குப் பின் இப்படி வல்லினம் மிகாது என்பது அவன் வகுப்பில் படித்ததுதான். இலக்கணக் குறிப்பேட்டைத் தேடியெடுத்து, செயலி சொல்வது தப்பு என்று எனக்குக் காட்டினான். இத்தனை நாளில் அவன் அந்தக் குறிப்பேட்டைத் தானாகத் திறந்து நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரையும் பிழையில்லாமல் இல்லை. ஆசிரியர் சிவப்பு மையில் ஒன்பது வட்டம் போட்டிருந்தார். அவற்றில் இரண்டு வட்டங்கள் பற்றித் தம்பி இன்னும் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறான். மதிப்பெண்ணை வெளியில் சொல்லக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

கட்டுரையைப் பாட்டியிடம் படிக்கக் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரிக்கு வரி வைத்து, மெதுவாகப் படித்தார். ஜூரோங் வரும் இடத்தில் சிரித்தார். காலணி வரும் இடத்தில் கொஞ்ச நேரம் விரல் நகரவில்லை. முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி, ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

“அந்தக் கம்பி தங்கம்டா. சுத்தமான தங்கம். அத எழுதாம விட்டுட்டியே.”

தம்பி பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதிக்கொண்டான்.